இங்கிலாந்து வாளாட்டக் காணொளிகளை எப்படிப் பார்ப்பது? – கேள்வி பதில்

கேள்வி: யூடியூபில் ‘சோர்ட் டான்ஸ்’ என்று தேடினால், ஒருவர் தரையில் கிடக்கும் இரண்டு வாள்களுக்கு மேல் குதிக்கிறார். அடுத்த காணொளியில் ஐந்து பேர் வாளால் கோத்துக்கொண்டு சுழல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. முதலாவது ஸ்காட்லாந்து ஆட்டம், தனி ஆள் ஆடுவது. வட இங்கிலாந்து ஆட்டத்தில் வாள்தான் ஆட்களைக் கோக்கும் சங்கிலி. தன் வாளின் பிடி ஒரு கையில், பக்கத்து ஆளின் வாள்முனை மறுகையில்.

இதிலும் இரண்டு வகை உண்டு. யார்க்‌ஷயரில் லாங்சோர்ட்: பெரும்பாலும் ஆறு அல்லது எட்டுப் பேர், வளையாத நீள வாள், நிதானமான ஓட்டநடை. நார்தம்பர்லாந்து, டர்ஹாம் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் ராப்பர்: ஐந்து பேர், வளையும் குட்டை வாள், கால் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். ‘ராப்பர்’ என்று மட்டும் தேடினால் ராப் பாடகர்கள்தான் வந்து நிற்பார்கள். கூடவே ‘சோர்ட்’ சேருங்கள். ஊர்ப்பெயரோடு தேடினால் இன்னும் சுத்தமாகக் கிடைக்கும். லாங்சோர்டுக்கு கிரெனோசைட், ஹேண்ட்ஸ்வொர்த், ஃப்ளாம்பரோ. ராப்பருக்கு ஏர்ஸ்டன், விண்லேட்டன்.

கேள்வி: அண்ணா, கடைசியில் எல்லா வாளும் பின்னி ஒரு நட்சத்திரமாக மேலே போகிறது. பத்துத் தடவை பார்த்தும் அது எப்படிப் பின்னிக்கொள்கிறது என்று பிடிபடவில்லை.

பதில்: நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பிடிபடவில்லை. அது முடிவு மட்டும். வேலை அதற்கு நான்கைந்து வினாடி முன்பே கைகளில் நடந்துவிடுகிறது.

நட்சத்திரம் உயரும் இடத்தில் நிறுத்தி, பத்து வினாடி பின்னால் போங்கள். கேமராவுக்கு எதிரே, முகம் தெரிய நிற்பவரைத் தேர்ந்தெடுங்கள். முதுகு காட்டுபவரின் கை தெரியாது. வேகத்தை 0.5 ஆக்கி அவருடைய வலது கையை மட்டும் பாருங்கள். வேறு யாரையும் பார்க்க வேண்டாம். வளையம் நெருங்கும், தோளோடு தோள் இடிக்கும், அப்போது அவர் வலது கையை இடது கைக்கு மேலாகக் குறுக்கே கொண்டுபோவார். அதே நொடியில் மற்ற எல்லோரும் அதையே செய்வார்கள். பிடிகளும் முனைகளும் ஒன்றின்கீழ் ஒன்று செருகிக்கொள்ளும். ‘பூட்டு’ விழுவது அங்கேதான். கணினியில் காணொளியை நிறுத்திவிட்டு, காற்புள்ளி விசையையும் முற்றுப்புள்ளி விசையையும் அழுத்தினால் சட்டம் சட்டமாக (ஃப்ரேம் ஃப்ரேமாக) பின்னும் முன்னும் நகரலாம்.

பூட்டு ஏன் கழன்று விழவில்லை என்பது அடுத்த கேள்வியாக வரும். ஐந்து வாள் நட்சத்திரத்தில் ஒவ்வொரு வாளும் மற்ற நான்கையும் மேலே, கீழே, மேலே, கீழே என்று மாற்றி மாற்றிக் கடக்கிறது, கூடை பின்னுவதுபோல. ஒன்றை மற்றது அழுத்திப் பிடித்துக்கொள்வதால் ஒரே கையில் தூக்கிக் காட்ட முடிகிறது. ஆறு வாளிலும் இதே கணக்குதான், வடிவம் மட்டும் அறுகோண நட்சத்திரம். ஒருவர் இடது கையை மேலே போட்டுவிட்டால் அந்த மூலையில் மேல்கீழ் புரண்டுவிடும். தூக்கும்போது அந்த மூலையில் இருந்துதான் பிரியத் தொடங்கும். பூட்டு சரிந்த காணொளி கிடைத்தால் விடாதீர்கள், சரியாக விழுந்த பத்தைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

கேள்வி: ராப்பர் வாள் ரப்பர்போல வளைகிறதே, நிஜ வாள்தானா?

பதில்: வெட்டும் வாள் அல்ல, கூர் கிடையாது. சுமார் 60 சென்டிமீட்டர் நீள ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை, இரண்டு முனையிலும் பிடி. ஒரு பிடி சுழலும், மற்றது தகட்டோடு அசையாமல் இருக்கும். ஒரு பக்கம் சுழல்வதால்தான், இரண்டு கையையும் விடாமல் ஆட்கள் திரும்பவும் ஒருவரையொருவர் கடக்கவும் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறது. பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுபவர்கூட வாளை விடுவதில்லை, கவனியுங்கள்.

கேள்வி: தாளத்தை எப்படி எண்ணுவது? தலை சுற்றுகிறது.

பதில்: ராப்பருக்கு ஜிக் என்ற நடன இசை, அதாவது 6/8 தாளம். ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு தகிடவும் ஓர் அடி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 அடி. அந்த வேகத்தில் எட்டு ‘பார்’ (இரண்டு அடி கொண்ட தாள அளவு), அதாவது பதினாறு அடி, ஆறு வினாடியில் முடிந்துவிடும். பெரும்பாலும் அந்த எல்லையில்தான் ஆட்டத்தின் வடிவம் மாறுகிறது, அதனால் மாற்றத்தைக் கண் தேடுவதற்கு முன் காது சொல்லிவிடும். பாதத்தட்டு படிக்க 0.5 வேண்டாம், ஒலி குழைந்துவிடும், 0.75 வைத்துக் கண்ணை மூடிக் கேளுங்கள்.

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இன்னும் பயங்கர வேகம். அக்காலத்தில் அப்படித்தான் ஆடினார்களா?

பதில்: அதை நம்பிவிடாதீர்கள். மௌனப்படங்களைப் பெரும்பாலும் வினாடிக்கு 16 முதல் 18 சட்டத்தில் எடுத்தார்கள். அதை 24 சட்டத்தில் ஓட்டினால் ஒன்றரை மடங்குவரை வேகம் கூடும். பின்னால் நடந்துபோகிறவர்களைப் பாருங்கள். அவர்கள் ஓடுவதுபோல நடந்தால் 0.75 வையுங்கள்.

கேள்வி: ஃப்ளாம்பரோ ஆட்டத்தில் எல்லாரும் தங்கள் வாளின் பிடியை இடது கையில் பிடித்திருக்கிறார்கள். காணொளி கண்ணாடிபோலத் திரும்பிவிட்டதா?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. திரும்பவில்லை. அந்த மீனவ ஊர் வழக்கமே இடது கை, அதோடு மரவாள். சந்தேகம் வந்தால் பின்னணியில் பப் பெயர்ப்பலகை வாசிக்க வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கிரெனோசைட்டில் தலைவர் கழுத்தைச் சுற்றி வாளைப் பூட்டுகிறார்களே! பழங்கால நரபலிச் சடங்கு என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

பதில்: வளையம் சுழன்று வாள்கள் உருவப்படும்போது தலைவரின் முயல்தோல் தொப்பி பறக்கும், தலை போனதாகப் பாவனை. பார்க்க அருமையான இடம் அது. ஆனால் நரபலி என்பதற்கு ஆதாரம் இல்லை. நார்தம்பர்லாந்து வாளாட்டத்தை அப்பகுதியின் வரலாற்றை எழுதிய ஜான் வாலிஸ் 1769இல் குறிப்பிட்டிருக்கிறார். நாட்டுப்புற ஆட்டங்களைத் திரட்டிய செசில் ஷார்ப் 1911 முதல் 1913 வரை மூன்று பாகமாக வடபகுதி ஆட்டங்களைப் பதிவுசெய்தார். கிறிஸ்துவுக்கு முன் வரை போகும் தொடர்ச்சியை எந்த ஆவணமும் காட்டவில்லை. சுரங்கத்தொழிலாளரும் மீனவரும் காத்துவந்த கலை என்பதே இதற்குப் போதுமான பெருமை.

கேள்வி: முதலில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால்?

பதில்: கிரெனோசைட், பாக்சிங் டே (டிசம்பர் 26) காணொளி, தெருவில் எடுத்தது. ஆறு பேர்தான், கட்டைக்காலணி ஓசை தெளிவாகக் கேட்கும், வேகமும் பின்தொடரக்கூடியது. வெட்டி ஒட்டாமல் ஒரே கேமராவில் எடுத்ததாகத் தேர்ந்தெடுங்கள். கோணம் மாறிக்கொண்டே இருந்தால் நீங்கள் பின்தொடரும் கை நடுவில் காணாமல் போய்விடும்.