தங்கையின் மறுமணம்: அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 41. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கல்லூரி நாட்களில் நான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானம் எடுத்து, இப்போது அங்கே ஞாயிறு பள்ளி நடத்துகிறேன்.

என் தங்கைக்கு 36 வயது. மாப்பிள்ளைக்குக் குடி, அதோடு அடி, உதை. இரண்டு முறை கைக்குழந்தையும் பையுமாக வீட்டுக்கு வந்து நின்றாள். இரண்டு முறையும் நான்தான் ஜெபம் பண்ணி, பேசி, திரும்பக் கொண்டுபோய் விட்டேன். மூன்றாவது முறை தோள்பட்டை எலும்பு உடைந்து வந்தாள். அதன்பிறகு அனுப்பவில்லை. கொடுமை என்ற காரணத்தைக் காட்டி வழக்குப் போட்டு, மூன்று வருடத்துக்கு முன் விவாகரத்து வாங்கிவிட்டாள்.

இப்போது அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும், மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்யப்போகிறாள். நல்ல மனிதர்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் முதல் புருஷன் உயிரோடு இருக்கும்போது மறுவிவாகம் விபசாரம் என்று வேதத்தில் மத்தேயு 19, ரோமர் 7 இரண்டிலும் தெளிவாக இருப்பதாக நம்புகிறேன். எங்கள் சபையின் போதனையும் அதுதான்.

தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பினேன். பிரசங்க வீடியோக்கள் அனுப்பினேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். அம்மாவை விட்டுப் பேசச் சொன்னேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். போன மாதம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். அம்மா நடுவில் கிடந்து அழுகிறார். என் மனைவியோ, “இவ்வளவு பேச்சையும் அன்னைக்கு அந்த ஆள்கிட்ட பேசியிருக்கணும்” என்கிறாள்.

ராத்திரி தூக்கம் வருவதில்லை. தங்கச்சி ஆத்துமா அழிந்துபோகுமோ என்ற பயம். என் விசுவாசத்தை விட முடியாது. அவள் மனதில் படும்படி எப்படி எடுத்துச் சொல்வது?

ஓர் அண்ணன்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் பயத்தை நான் சந்தேகிக்கவில்லை. தங்கை மேல் பாசம் இல்லாதவர் அவளுக்காக மூன்று நாள் பட்டினி கிடக்கமாட்டார். ஆனால் உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இரண்டு முறை திரும்பக் கொண்டுபோய் விட்டேன் என்கிறீர்கள். அதாவது, உங்கள் தங்கை உங்கள் பேச்சை ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். ஒரு முறைக்கு இரண்டு முறை. கேட்டதற்குக் கிடைத்தது உடைந்த எலும்பு. இன்று காலையில் அண்ணனிடமிருந்து ஒரு வசனம் வந்தால், அது வேதத்தின் குரலாக அவள் காதில் விழுமா? அந்த வாசலில் அவளை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தவரின் குரலாகத்தான் விழும்.

“எப்படி எடுத்துச் சொல்வது” என்று கேட்கிறீர்கள். சகோதரரே, எடுத்துச் சொல்ல இனி எதுவும் பாக்கி இல்லை. அவளும் அதே ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள். நீங்கள் அனுப்பும் வசனங்கள் அவளுக்கும் மனப்பாடமாகத் தெரியும். தன் முடிவைத் தன் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றிவிட்டால், மனிதர் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இல் இதை விரிவாக எழுதினார். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். வசனம் கூடக்கூட அவள் தள்ளிப்போனாள். கடைசியில் நம்பரையே அடைத்துவிட்டாள்.

நான் வேதபண்டிதர் இல்லை. உங்கள் விசுவாசத்தை மாற்ற இதை எழுதவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். மத்தேயு 19இல் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் இயேசுவிடம் கேட்ட கேள்வி, ஒரு புருஷன் தன் மனைவியை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிவிடலாமா என்பது. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு யூத போதகர்களின் வழிவந்தவர்களிடையே அன்று நடந்த வாதம் அது. இயேசுவின் பதில் தள்ளப்படும் பெண்ணுக்குக் காவலாக இருந்தது என்று அதே பக்கத்தை வாசிக்கிறவர்களும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை முறையான திருமணத்தை விவாகரத்து முறிக்காது என்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் மனந்திரும்புதலின் ஜெபங்களோடு இரண்டாம் திருமணத்துக்கு இடம் தருகின்றன. இங்கிலாந்துத் திருச்சபை 2002இல், முன்னாள் துணை உயிரோடு இருந்தாலும் சில சூழல்களில் ஆலயத்தில் மறுமணம் நடத்தலாம் என்று ஏற்றது. இவர்கள் எல்லோரும் முழங்காலில் நின்று வேதம் வாசிக்கிறவர்கள்தான். உங்கள் தங்கையும் அப்படி ஜெபித்து இந்த முடிவுக்கு வந்திருக்கலாம். அதை அவளிடம் எப்போதாவது கேட்டீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டப்படி, ஒரு கிறிஸ்தவ மனைவி புருஷன் அடிக்கிறான் என்று மட்டும் சொல்லி முன்பு விடுதலை பெற முடியவில்லை. அடியோடு அவனுடைய விபசாரத்தையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கொடுமை தனியாகவே போதுமான காரணம் ஆனது. உங்கள் பாட்டி காலத்துப் பெண்களுக்கு இல்லாத ஒரு கதவு வழியாக இவள் உயிரோடு வெளியே வந்திருக்கிறாள். அந்தத் தீர்ப்புக்காக அவள் நீதிமன்றப் படி ஏறியபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லாமல் இருந்திருந்தால், அதையும் அவள் மறந்திருக்கமாட்டாள்.

தூக்கம் கெடுவதற்கு அவள் ஆத்துமாவைப் பற்றிய பயம் மட்டும்தானா? உங்கள் மனைவி சொன்னதை நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அந்த இரண்டு பயணங்களின் பாரம் உங்கள் நெஞ்சில் கிடக்கிறது என்று நினைக்கிறேன். இந்த முறையாவது அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று துடிக்கிறீர்கள். அந்தத் துடிப்பு அவளுக்குத் தாங்க முடியாத சுமையாகிவிட்டது.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காகிதத்தில், கையால். “உன்னை இரண்டு தடவை நான் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அது தப்பு. நீ அடிபட்டதில் எனக்கும் பங்கு உண்டு.” இவ்வளவு போதும். வசனம் வேண்டாம். “ஆனாலும்” என்று தொடங்கும் வரி வேண்டவே வேண்டாம். மன்னித்துவிடு என்றுகூட வற்புறுத்தாதீர்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் வந்தாலும், மன்னிப்பைத் தூண்டிலாகப் போடுகிறீர்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவைத் தூது விடுவதை இன்றே நிறுத்துங்கள். இந்த வயதில் இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைமை அவருக்கு வரக்கூடாது.

உங்கள் நம்பிக்கையை மறைத்து நடிக்கச் சொல்லவில்லை. என்றைக்காவது அவளே, “அண்ணா, நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்டால், ஒரே ஒரு முறை, மிரட்டல் இல்லாமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முடிவு அவளுடையது. மனசாட்சி இடம் கொடுக்காமல் ஆலயத்துக்குள் வந்து நிற்க முடியாது என்றால், அதை வருத்தத்தோடு சொல்லலாம். “வரமாட்டேன்” என்பதை அவளை வளைக்கும் ஆயுதமாக்கினீர்களே, அது வேறு. ஆலயத்துக்குப் போகாவிட்டாலும் மறுநாள் அவள் வீட்டுக்குப் போகலாம். அந்தக் குழந்தைக்கு நீங்கள் தாய்மாமன். தகப்பன் ஏற்கெனவே இல்லாமல் போன பிள்ளை அது.

கடிதத்துக்குப் பதில் வராமல் மாதங்கள் போகலாம். அந்த நாட்கள் உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். பக்கத்தில் ஓர் ஆலோசகரிடம் நீங்கள் தனியாகப் போய், அந்த இரண்டு நாட்களைப் பற்றி வாய்விட்டுப் பேசுங்கள். வேறு நம்பரிலிருந்து மட்டும் அவளை அழைத்துவிடாதீர்கள்.