நிலுவை பில்களும் ரூபியின் நாள்கணக்கும்

கேள்வி: எங்களுடையது காம்பாக்டிங் (பின்னல் துணி பின்னர் சுருங்காதபடி சீராக்குவது) ஜாப் ஒர்க் செய்யும் யூனிட். பனியன் கம்பெனிகள் 45 நாள்களுக்கு மேல் நிறுத்தி வைத்துள்ள பில்களைப் பிரித்தெடுக்க ரூபி என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். டைம்.நவ் என்பதிலிருந்து 45-ஐக் கழித்தால் இன்றைய தேதியே வருகிறது. மாதக்கணக்கில் பின்னோக்கிப் போனாலோ, மார்ச் 31-க்கு முந்தைய மாதத் தேதி பிப்ரவரி 29 என்கிறது. எதை நம்புவது?
– வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டுமே சரியான விடைகள்தாம், நீங்கள் கேட்க நினைத்ததும் நிரலிடம் கேட்டதும்தான் வேறு வேறு. டைம் என்ற வகை நொடிகளில் கணக்கிடுவதால், அதிலிருந்து 45-ஐக் கழித்தால் முக்கால் நிமிடத்துக்கு முந்தைய நேரமே கிடைக்கும். 45 நாள் என்றால் 38,88,000 நொடிகளைக் கழிக்க வேண்டும். அவ்வளவு சுற்றுவழி தேவையில்லை. நிரலின் தொடக்கத்தில் ரெக்வயர் கட்டளையால் 'டேட்' நூலகத்தைச் சேர்த்துக்கொண்டு, டேட்.டுடே - 45 என்று எழுதினால் போதும். டேட் வகைக்கு 1 என்பது ஒரு நாள். 31-3-2024 அன்று இதை இயக்கியிருந்தால் 15-2-2024 கிடைத்திருக்கும்.

மாதக்கணக்குக்கு << என்ற குறியைப் பயன்படுத்துகிறோம். முந்தைய மாதத்தில் 31ஆம் தேதி இல்லையென்றால் ரூபி அம்மாதத்தின் கடைசி நாளில் நின்றுகொள்ளும். ஆகவே 2024இல் 29, 2023இல் 28. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மார்ச் 31-லிருந்து << 2 என்று ஒரேயடியாகப் போனால் ஜனவரி 31 வரும், ஒவ்வொரு மாதமாக இருமுறை போனால், பிப்ரவரியில் 29 ஆகக் குறைந்த தேதி மீளாமல், ஜனவரி 29 வரும். எனவே எப்போதும் மூலத் தேதியிலிருந்தே கணக்கிடுங்கள்.

உங்கள் தேவைக்கு மாதக்கணக்கே வேண்டாம் என்பது என் கருத்து. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் தவணை கூடாது என்கிறதே தவிர, ஒன்றரை மாதம் என்று சொல்லவில்லை. அந்தக் கெடுவும் சரக்கையோ சேவையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து தொடங்குவதால், பில் தேதியோடு அந்த நாளையும் தனியே பதிந்து வையுங்கள். இரண்டு தேதிகளைக் கழித்தால் ரூபி பின்ன எண்ணாக விடை தரும். டு_ஐ சேர்த்தால் முழு எண்ணாகிவிடும்.

நிரல் வாடகைச் சர்வரில் ஓடுகிறதென்றால் இன்னொரு சிக்கல் எழக்கூடும். பெரும்பாலான சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் இயங்குவதால், நம் நள்ளிரவு முதல் காலை 5.30 மணி வரை டேட்.டுடே முந்தைய நாளையே காட்டும். நைட் ஷிப்டில் பில் போடும் ஊருக்கு இது சிறிய விஷயமன்று. டைம்.நவ் உடன் கெட்லோக்கல் சேர்த்து, அதற்கு '+05:30' எனக் கொடுத்து, பிறகு டு_டேட் என மாற்றிக்கொள்ளுங்கள்.

தேதியை அச்சிடும் வடிவத்துக்கு மாற்றுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். 05-03-2024 என்று எழுத்தாக மாற்றிய பின் வரிசைப்படுத்தினால், நாள் எண்ணை வைத்தே வரிசை அமைந்து, மாதங்கள் கலந்துவிடும். வடிவமைக்க ஸ்டிராஃப்டைம் இருக்கிறது: சதவீதக் குறியை அடுத்து சிறிய டி நாள், சிறிய எம் மாதம், பெரிய ஒய் நான்கு இலக்க ஆண்டு. பெரிய எம் என்றால் நிமிடம். தவறிப் போட்டால் மாதத்தின் இடத்தில் 00 நிற்கும்.

கேள்வி: மஞ்சள் மண்டியின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறோம். 05/03/24 என்பதை ரூபி 2005 மார்ச் 24 என்று படிக்கிறதே?
– வாசகர், ஈரோடு

பதில்: டேட்.பார்ஸ், ஈரிலக்க எண்கள் மூன்று வந்தால் முதலாவதை ஆண்டாகக் கொள்ளும். ஊகத்துக்கு இடம் தராமல் டேட்.ஸ்டிர்ப்டைம் கொண்டு, நாள், மாதம், ஈரிலக்க ஆண்டு என்ற வரிசையை நீங்களே சொல்லிவிடுங்கள். ஈரிலக்க ஆண்டுக்குச் சிறிய ஒய். அப்போதும் 69 முதல் 99 வரையிலானவை 1900களாகவும், 00 முதல் 68 வரையிலானவை 2000களாகவும் கொள்ளப்படும். 1968ஆம் ஆண்டின் வரவு 2068 என்று பதிவாகாமலிருக்க, இன்றைய தேதியைத் தாண்டிய எதையும் 1200 மாதம் பின்னுக்குத் தள்ளும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.