சுருதி நிற்காத கிட்டாருக்கு அடுத்து எந்தப் பெடல் வாங்கலாம்?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டில் இருக்கிறேன். ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சுருதி நிற்பதில்லை, கம்பி இரண்டே வாரத்தில் கறுத்துவிடுகிறது, ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) ஓயாத இரைச்சல். ஒலி நன்றாக இருக்க அடுத்து எந்தப் பெடல் வாங்கலாம்? கையில் 300 வெள்ளி இருக்கிறது.

பதில்:

அந்த 300 வெள்ளியைப் பெடலுக்காக இன்னும் இரண்டு வாரம் தொடாதீர்கள். பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்துக் காலால் இயக்கும் ஒலிமாற்றுப் பெட்டி. நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றைக்கூடப் பெடல் தீர்க்காது. சுருதி விலகிய கிட்டாரை ஓவர்டிரைவில் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலில்) விட்டால் விலகல் இன்னும் உரக்கக் கேட்கும், இரைச்சலும் கூடவே ஏறும்.

உங்கள் வீட்டு நிலவரத்தை ஊகித்தே சொல்கிறேன். கிட்டார் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது, அல்லது படுக்கையறை ஸ்டாண்டில் நிற்கிறது. ஏர்கான் இரவில் மட்டும் ஓடுகிறது. சனிக்கிழமை பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பெடல்களை வாசித்துப் பார்க்கிறீர்கள், இரவில் பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் விலை பார்க்கிறீர்கள். இதில் தவறே இல்லை. பெடல் ஆசை நல்ல ஆசை, வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வரிசை மாறிவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

முதலில் ஈரப்பதம். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். கிட்டார் மரத்துக்கு உகந்தது 45 முதல் 55 வரை. இருபது வெள்ளிக்குள் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி கிட்டார் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். மலிவான மானிகள் ஐந்து, ஏழு புள்ளி தவறாகக் காட்டும், ஆனால் சரிபார்ப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே 75 விழுக்காடு இருக்கும். மானி 80 காட்டினால் இனி எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரேயடியாக ஈரமாக இருப்பதைவிட, தினமும் ஏறி இறங்குவதே நெக்கை (கிட்டாரின் கழுத்தை) அதிகம் அலைக்கழிக்கும். இரவு ஏர்கானில் 55, பகலில் ஜன்னல் திறந்ததும் 82 என்று போனால் மரம் நீரைக் குடித்தும் கக்கியும் நகர்ந்துகொண்டே இருக்கும். அது முன்னே வளையுமா பின்னே வளையுமா என்பது அந்த மரத்தையும் பூச்சையும் பொறுத்தது. அளந்தால்தான் தெரியும். எனவே கிட்டாரின் இடம் பெட்டிதான், சுவர் இல்லை. கடினப் பெட்டியில் இரண்டு, மூன்று பெரிய சிலிக்கா ஜெல் பைகள் போதும். நிறம் மாறியதும் 110, 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் மறுபடி உழைக்கும், பையின் துணி அந்தச் சூட்டைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரியில் தொங்கவிடும் நீர் உறிஞ்சிகளைப் பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடு. கீழே சேரும் நீர் உப்புநீர், கவிழ்ந்தால் பிரிட்ஜ் (கம்பிகளை உடல்பக்கம் தாங்கும் உலோகப் பகுதி), பிக்கப் (கம்பி அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்) திருகு எல்லாவற்றையும் அரித்துவிடும். ஈரத்தை எடுக்கவும் விடவும் செய்து 49 விழுக்காட்டில் நிறுத்தும் இருவழிப் பைகள் நல்லவைதான், ஆனால் இங்கே அவை நீர் குடித்து உப்பிச் சீக்கிரமே செயலிழக்கும்.

மூன்று, நான்கு கிட்டார் இருந்தால் ஈரநீக்கி வாங்குவது பற்றி யோசியுங்கள். கம்ப்ரசர் வகையாகப் பாருங்கள். மேசை மேல் வைக்கும் சின்னப் பெல்டியர் வகை ஒரு நாளைக்கு ஒரு குவளை நீர்தான் எடுக்கும், அறைக்கு அது போதாது. பலர் கிட்டாரைப் பாம் ஷெல்டருக்குள் (வீட்டோடு வரும் வெடிகுண்டுப் புகலிட அறைக்குள்) வைக்கிறார்கள். தடித்த கான்கிரீட், இரும்புக் கதவு, காற்றோட்டம் குறைவு. ஈரநீக்கி இல்லாமல் அங்கே வைத்தால் தோல் பட்டையில் முதலில் பூஞ்சை வரும், பிறகு பெட்டியின் வெல்வெட்டில்.

இன்னொன்று. ஏர்கான் அறையிலிருந்து கிட்டாரை நேரே வெளியே கொண்டுபோகாதீர்கள். வெளியே 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மீதும் நீர்த்துளி படியும். 22 டிகிரி அறையில் கிடந்த கம்பியும் பிக்கப்பும் அப்படித்தான் நனைகின்றன. பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

கம்பி கறுப்பதற்குப் பாதிக் காரணம் காற்று, மீதி உங்கள் வேர்வை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியில் நுழைத்து மேலும் கீழும் இழுத்துத் துடையுங்கள், மேல்பக்கம் மட்டும் துடைத்தால் போதாது. ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஓரத்தில் படியும் பச்சை நிறம் செம்புக் களிம்பு. நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும் ஃப்ரெட் உலோகத்தில் பெரும்பங்கு செம்புதான். இரும்புப் பஞ்சால் தேய்ப்பதென்றால் 0000 ரகமே வேண்டும், பிக்கப்புகளை மாஸ்கிங் டேப்பால் முழுக்க மூடுங்கள். இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. பூச்சுக் கம்பிகள் விலை கூடுதல்தான், ஆனால் இந்த ஊர்க் காற்றில் அந்த விலைக்கு உழைத்துவிடும். முதலில் விரல் வழுக்குவதாகச் சிலர் சொல்வார்கள், போகப்போகப் பழகிவிடும்.

இனி செட்டப், அதாவது கிட்டாரைச் சரிப்படுத்துவது. இதைச் சொன்னால் "கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள்" என்று ஒருவர் வருவார். செய்வார்கள், நன்றாகவே செய்வார்கள். ஆனால் கடையின் ஏர்கானில் சரிசெய்த நெக் உங்கள் வீட்டுக் காற்றில் ஒரு வாரம் இருந்தால் மறுபடி நகரும். நீங்களே அளக்கக் கற்றால்தான் நிம்மதி. வரிசை முக்கியம்: புதுக் கம்பி, சுருதி, நெக் வளைவு, கம்பி உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது), கடைசியில் பிக்கப் உயரம். ஒன்றைத் தொட்டால் அதற்கு அடுத்ததெல்லாம் மாறும்.

கம்பி தடிமனை மாற்றிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். 9–42 செட் (மெல்லிய முதல் கம்பியும் தடித்த ஆறாம் கம்பியும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது) ஸ்ட்ராட்டில் மொத்தம் சுமார் 38 கிலோ இழுக்கும், 10–46 சுமார் 47 கிலோ. அந்த ஒன்பது கிலோவில் ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஆட்டும் பிரிட்ஜ்) முன்னால் தூக்கிக்கொள்ளும். பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மி.மீ. உயரத்தில் மிதக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங் மாட்டிய தகட்டின் இரு திருகுகளையும் அரைச்சுற்று அரைச்சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுருதி சேருங்கள். ட்ரெமலோவைத் தொடவே மாட்டீர்கள் என்றால் பிரிட்ஜ் உடலில் படியும்வரை இறுக்கிவிடுங்கள். சுருதிச் சிக்கலில் பாதி அதிலேயே போய்விடும்.

நெக் வளைவை இப்படி அளக்கலாம். முதல் ஃப்ரெட்டில் காப்போ (கம்பிகளை ஒருசேர அழுத்தும் கவ்வி) போடுங்கள். ஆறாம் கம்பியை நெக் உடலோடு சேரும் இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். எட்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லையென்றால் வெட்டிப்போட்ட 9 தடிமன் முதல் கம்பித் துண்டு போதும், அது 0.23 மி.மீ. அந்தத் துண்டு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் நெக் சரி. தாராளமாக இடம் இருந்தால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டை) வலஞ்சுழியாகக் கால்சுற்று இறுக்குங்கள், நுழையவே இல்லையென்றால் இடஞ்சுழியாகக் கால்சுற்று தளர்த்துங்கள். ஒரே நேரத்தில் கால்சுற்றுக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடம் விட்டு மறுபடி அளங்கள். திருகும் அறுகோணச் சாவி சரியான அளவா என்பதில் கவனம்: சில கிட்டாருக்கு அங்குல அளவு, ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. தளர்ந்து ஆடும் சாவியால் திருகினால் அறுகோணக் குழி வட்டமாகிவிடும். இறுகிப்போய் நகராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். ராட் முறிந்தால் செலவு கிட்டார் விலையைத் தொட்டுவிடும்.

கம்பி உயரம் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.5 மி.மீ. இது பலருக்குப் பொருந்தும். அடித்து வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். நம் பாட்டுகளின் கமகத்துக்குக் கம்பியை நன்றாக வளைப்பவர்களும் மிகத் தாழ்வாக வைக்கக் கூடாது. வளைக்கும்போது மேல் ஃப்ரெட்டில் இடித்து ஸ்வரம் செத்துவிடும். இன்டொனேஷனுக்குப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரத்தையும்) அழுத்திய ஸ்வரத்தையும் சுருதி காட்டும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டை) பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. பழைய கம்பியில் இதைச் செய்யாதீர்கள், துருவேறிய கம்பி சரியான அளவே காட்டாது. பிக்கப் காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்தாலும் சுருதி தள்ளாடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு ஆறாம் கம்பியில் சுமார் 2.4, முதல் கம்பியில் சுமார் 2 மி.மீ. விடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சுருதி போனால் பழி நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளங்கள் கொண்ட துண்டின்) மேல்தான். சுருதி சேர்க்கும்போது "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? கம்பி நட் பள்ளத்தில் மாட்டி, திடீரென விடுபடும் சத்தம் அது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவுங்கள். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே சேருங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

இரைச்சலுக்கு வருவோம். கிட்டாரின் வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் குற்றம் ஆம்ப், கேபிள், மின்சாரம் பக்கம். நின்றுவிட்டால் பிக்கப் பக்கம். கம்பியைத் தொட்டதும் குறைகிறதா? அது இயல்பு. தொட்டால் கூடுகிறது என்றால் எர்த் இணைப்பில் பிழை, அதைச் சரிசெய்யும்வரை வாசிக்காதீர்கள். நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றித் திரும்புங்கள். ஒரு திசையில் குறைந்தால் அது சிங்கிள் காயில் காற்றிலிருந்து பிடிக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்முனகல். இதை ஒழிக்கத்தான் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரை வடிவமைத்தார். பல ஸ்ட்ராட்களில் நடுப் பிக்கப் எதிர்முறையில் சுற்றியிருக்கும், அப்படியானால் பிக்கப் தேர்வுச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் முனகல் அடங்கும். கரகரப்பும் கேட்டால், மின்னணுப் பொருள் விற்கும் சிம் லிம் டவரில் செம்பு நாடா வாங்கி கிட்டாரின் உள்குழி முழுக்க ஒட்டி எர்த்தோடு இணைக்கலாம். அது முனகலைக் குறைக்காது, விளக்கு டிம்மர், மடிக்கணினிச் சார்ஜர் போன்றவற்றின் கரகரப்பைக் குறைக்கும். எக்காரணம் கொண்டும் ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை வெட்டாதீர்கள். இரைச்சல் போகும், உயிரும் போகலாம்.

ஆம்ப் சின்னதாக இருக்கிறதே என்ற கவலையும் வேண்டாம். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒரே வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 97, 100 டெசிபல் தரும். பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்ட அது தாராளம். தரையில் வைக்காமல் நாற்காலியில், கீழே தடித்த நுரை போட்டு வையுங்கள். கீழ்மாடிக்குப் போவது காற்றொலியைவிடத் தளத்தின் அதிர்வுதான். இரவு பத்துக்கு மேல் ஹெட்ஃபோன்.

இங்கே கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. நம் சமூக மன்ற நிகழ்ச்சிகளில் கிட்டாரை நேரடியாக மிக்ஸரின் லைன் துளையில் செருகிவிடுகிறார்கள். கிட்டார் பிக்கப்புக்கு எதிரே சுமார் 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு வேண்டும். மிக்ஸர் லைனில் இருப்பது 10, 20 கிலோஓம். உயர் ஒலியெல்லாம் செத்து, போர்வைக்குள் வாசிப்பதுபோல் கேட்கும். பிறகு "கிட்டார் சரியில்லை தம்பி" என்று வாசிப்பவனைச் சொல்வார்கள். கீபோர்டுக்கு இரண்டு டிஐ பெட்டி (கருவியின் ஒலிக்குறியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) கொடுப்பவர்கள் கிட்டாருக்கு ஒன்று கொடுத்தால் என்ன? மாதக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு வரும் பிள்ளைகள் அந்த மேடையில் அவமானப்படுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சரி, பெடல். முதல் பெடல் டியூனர், அதிலும் பஃபர் (ஒலிக்குறி வலுவிழக்காமல் காக்கும் மின்சுற்று) உள்ளது. பாஸ் (Boss) நிறுவனத்தின் டியூனர் அணைந்திருக்கும்போதும் பஃபர் வேலை செய்யும், மேலே சொன்ன மேடையிலும் ஓரளவு காப்பாற்றும். கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் சேர்க்கும், ஆறு மீட்டர் கேபிளில் கூர்மை குறைவது காதுக்கே தெரியும். பஃபர் அதற்கும் மருந்து.

அடுத்தது தனித்தனியாகப் பிரித்த வெளியீடுகள் உள்ள பவர் சப்ளை. ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக டிஜிட்டல் டிலேயையும் (எதிரொலி தரும் பெடலையும்) ஓவர்டிரைவையும் ஓட்டினால் கீச்சொலி வரும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். ஒவ்வொன்றின் மில்லிஆம்பியரையும் கூட்டிப் பாருங்கள்: ஓவர்டிரைவ் பத்துக்குள் முடிந்துவிடும், டிஜிட்டல் பெடல் 300 வரை கேட்கும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் 120 வோல்ட் அடாப்டரை இங்குள்ள 230இல் செருகிவிடாதீர்கள். 400 வெள்ளிக்குக் குறைந்த பார்சலுக்கு 2023க்கு முன் பொருள், சேவை வரி கிடையாது. இப்போது 9 விழுக்காட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரோசெலில் வாங்கினால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்திக்கும்போது ஒரு 9 வோல்ட் பேட்டரி, சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப், இரண்டு குட்டிக் கேபிள் கொண்டுபோங்கள். எல்லாக் குமிழையும் முழுக்கத் திருப்பி, கரகரக்கிறதா என்று கேளுங்கள். கரகரப்பு மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனர் போதும். பேட்டரி அறையைத் திறந்து வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேண்டாம். பழைய ஜெர்மானியம் ஃபஸ் (ஒலியைக் கரடுமுரடாக்கும் பெடல்) ஆசை வந்தால் இரண்டு விஷயம்: அவற்றில் பல நேர்மின் முனையை எர்த்தாகக் கொண்டவை, மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சேர்த்தால் ஷார்ட் ஆகும். அதோடு, ஃபஸ்ஸைக் கிட்டாரை அடுத்து முதலில் வையுங்கள், டியூனர் அதற்குப் பிறகு. பஃபருக்குப் பின்னால் வைத்தால் அது கத்தும், கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது.