அந்த வெட்டு காயமா, கைவேலையா?

கேள்வி: உரிமம் பெற்று, .308 ரைஃபிளுக்குப் புதிதாக ஒரு சைலன்ஸர் வாங்கியிருக்கிறேன். இன்னும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், பேஃபிள் துளைகளின் ஓரத்தில் பிறை போல ஒரு வெட்டு தெரிகிறது. உட்சுவரில் லேசாகக் கரியும் படிந்திருக்கிறது. யாரோ சுட்டுக் கெடுத்ததை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: எத்தனை பேஃபிளில் அந்த வெட்டு இருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! விடையே அதில்தான் இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. சைலன்ஸர் குழாய்க்குள் நடுவில் துளையிட்ட தடுப்புகள், பெரும்பாலும் கூம்பு வடிவத்தில், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவைதான் பேஃபிள்கள். குண்டு துளை வழியே நேராகப் போய்விடும். பின்னால் வரும் சூடான வாயு அறை அறையாகச் சிக்கிச் சுழன்று, வேகமும் வெப்பமும் குறைந்து வெளியேறும். வாயுவும் குண்டின் வழியிலேயே நேராக ஓடிவிடக் கூடாது என்பதற்காகப் பல தயாரிப்பாளர்கள் துளையின் ஒரு பக்க விளிம்பை வேண்டுமென்றே வெட்டிவிடுகிறார்கள். அந்த வெட்டு வாயுவைக் குறுக்கே தள்ளும். தொழிலில் இதற்குக் ‘கிளிப்’ என்று பெயர்.

நான் பட்டறைக்கு வந்த புதிதில் இதே வெட்டைப் பார்த்துவிட்டு, ‘குண்டு உரசியிருக்கிறது’ என்று சீட்டு எழுதி ஒரு புத்தம்புதுச் சைலன்ஸரைத் திருப்பி அனுப்பினேன். அதே பொருள் அதே பெட்டியில் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுத்தாள்: ‘இது எங்கள் கைவேலை.’ முதலாளி அதைச் சுவரில் ஒட்டிவைத்தார். நான் வேலையை விடும்வரை கிழிக்கவே இல்லை.

ஆகவே முதலில் எண்ணுங்கள். வெட்டு எல்லாவற்றிலும், அல்லது ஒன்றுவிட்டு ஒன்றில், ஒரே அளவில், கூர்மையான சுத்தமான ஓரத்தோடு இருந்தால் அது எந்திரம் போட்டது. குண்டு உரசிய தடத்துக்கு அந்த ஒழுங்கு வராது. ஓரம் வழித்தெடுத்தது போலப் பளபளக்கும். உலோகம் வெளிவாய்ப் பக்கமாகத் தள்ளப்பட்டுப் பிசிறு எழும்பியிருக்கும். சில நேரம் செம்பு நிறக் கோடும் கிடக்கும். பெரும்பாலும் முன்மூடிக்கு, அதாவது குண்டு வெளியேறும் முனையின் மூடிக்கு, அருகில்தான் காயம் அதிகம். சாய்வு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தூரம் கூடக் கூட விலகலும் கூடும் அல்லவா?

கரியைப் பற்றிக் கவலை வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் ஓரிரண்டு தோட்டா சுட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். உலோகத்தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்ட வகை என்றால் உட்புறம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகவே இருக்கும், அதுவும் பழுதில்லை. ஆனால் ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்தாலோ, பற்றவைப்பில் (வெல்டிங்கில்) உறைந்த உலோக மணி ஒன்று துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலோ, சுடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

டார்ச்சை உங்கள் கண் பக்கமிருந்து அடிக்காதீர்கள். பளபளப்பு கண்ணை ஏமாற்றும். சைலன்ஸரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, மறுமுனைக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, அந்தத் தாளின்மேல் வெளிச்சம் விழச் செய்யுங்கள். துளைகள் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். கிளிப் வெட்டு போக, ஏதேனும் ஒரு வட்டமே ஒதுங்கிப் பிறையாகத் தெரிந்தால் உடனே பதறாமல் குழாயை மெதுவாக உருட்டுங்கள். பிறை குழாயோடு சேர்ந்து சுற்றினால் குற்றம் குழாயில். நின்ற இடத்திலேயே நின்றால் நீங்கள் பார்க்கும் கோணத்தில்.

இத்தனை பார்த்த பிறகும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. உள்ளே மாசு மருவில்லாத சைலன்ஸரும் துப்பாக்கிக் குழலில் கோணலாக உட்கார்ந்தால் முதல் தோட்டாவிலேயே போய்விடலாம். .308 குண்டின் விட்டம் 7.82 மி.மீ. துளைக்கும் குண்டுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒரு மி.மீ. இடைவெளிகூடப் பெரும்பாலும் இருக்காது. சைலன்ஸர் கால் டிகிரி சாய்ந்தால் 20 செ.மீ. தள்ளியுள்ள முனையில் விலகல் ஏறக்குறைய 0.9 மி.மீ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கென்றே நுண்ணளவில் தேய்த்த சீரமைப்புக் கம்பி, குழல் அளவுக்கு ஏற்பக் கிடைக்கிறது. தோட்டா ஏதும் இல்லை என்று இரண்டு முறை பார்த்து, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டையும் கழற்றிவிட்டு, சைலன்ஸரை மாட்டி முன்பக்கத்திலிருந்து கம்பியைக் குழலுக்குள் செலுத்துங்கள். முன்மூடித் துளையில் கம்பியைச் சுற்றி இடைவெளி சமமாக இருக்க வேண்டும். கம்பியைச் சுழற்றும்போது இடைவெளியும் கூடவே சுற்றினால் வளைந்திருப்பது கம்பி. குழல் துடைக்கும் கம்பியை வைத்து இந்தச் சோதனையைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தன் எடைக்கே தொங்கும்; அதை நம்பி என்ன முடிவுக்கு வர?

கோணலுக்குக் காரணம் பல நேரம் அற்பமானது: குழல் தோளில், அதாவது சைலன்ஸர் வந்து அமரும் விளிம்பில், ஒட்டிய கரி; மரையில் சிக்கிய உலோகச் சீவல். நசுங்கும் வகை வாஷரைச் சைலன்ஸருக்கு அடியில் போடவே கூடாது. அது ஒரு பக்கம் அதிகம் நசுங்கும். நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் நேராகாது.

கேள்வி: ஒரு பேஃபிளில் மட்டும் லேசாக உரசியிருந்தால், அரத்தால் தேய்த்தோ, அதை மட்டும் மாற்றியோ நானே சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தேய்த்தால் துளை மையம் மாறும். தவிர, உரசியது ஏன் என்று தெரியாமல் ஓரத்தை மட்டும் சீவினால் அடுத்த குண்டும் அங்கேயே உரசும். உங்களுடையது போன்ற ரைஃபிள் சைலன்ஸர்களில் பல பற்றவைத்து மூடியவை, கழற்றவும் முடியாது. சட்டமும் குறுக்கே நிற்கலாம். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சைலன்ஸர்கள் பதிவுக்கு உட்பட்டவை; தனி பேஃபிள்கூட அங்கே சைலன்ஸராகவே கணக்கிடப்படும். உதிரிக்கு இருக்கட்டும் என்று ஒன்றை மேசை இழுப்பறையில் போட்டுவைக்க முடியாது. தயாரிப்பாளருக்கே அனுப்புங்கள். வாங்கிய அன்றே, சுடுவதற்கு முன், இரண்டு முனையிலிருந்தும் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கேள்வி: மோட்டார் சைக்கிள் சைலன்ஸரும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒரே யோசனைதான்; வாயுவைச் சுற்றவிட்டு வேகத்தைக் குறைப்பது. துப்பாக்கிச் சைலன்ஸருக்கு 1909இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்ஸிம், இயந்திரங்களுக்கான சத்தத் தணிப்பான்களையும் செய்து விற்றவர். இயந்திரத் துப்பாக்கியால் உலகத்தின் காதைக் கிழித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிம் அவருடைய அப்பா.