ரயில் ஓடினால் ஈர்ப்பு கூடுமா?

அண்ணே, யாங்கோன் வட்ட ரயிலில் உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி: ஈர்ப்புக்கு நிறை மட்டும்தான் கணக்கா, வேகமும் உண்டா?

பள்ளித் தேர்வுக்கு நியூட்டன் போதும்: நிறையும் தூரமும்தான். ஆனால் ஐன்ஸ்டைனின் 1915 கோட்பாட்டில் ஆற்றல், உந்தம், அழுத்தம் எல்லாமே ஈர்ப்பை உண்டாக்கும். டீக்கடைக் கெட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்தால், மூலக்கூறுகள் துள்ளும் வேகத்தால் அதன் நிறை ஒரு கிராமில் 100 கோடியில் 4 பங்கு போலக் கூடும். எந்தத் தராசும் காட்டாது, ஆனால் உண்மை. சுழலும் பூமி தன்னைச் சுற்றியுள்ள வெளியையே லேசாக இழுப்பதை 2004இல் ஏவிய கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள் அளந்தது.

அதற்காக, வேகமாக ஓடும் பொருள் கருந்துளையாகிவிடாது. அதனுடனே பயணிப்பவருக்கு அது சும்மா நிற்கிறதே!

அப்புறம், மகனைக் குழப்ப ஒன்று: ரயில் 18 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகும்போது 60 கிலோ ஆளின் எடை சுமார் 4 கிராம் குறைவாகத் தெரியும். அது ஈர்ப்பு மாறியதால் அல்ல, பூமியின் சுழற்சியோடு ரயிலின் வேகமும் சேர்வதால். மேற்கே திரும்பினால் அதே அளவு கூடும்.