பதினான்கு நிமிடங்களில் ஒரு நாள்
வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், திரையில் பயிரிட்டு அறுவடை செய்யும் பண்ணை விளையாட்டுகளைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். பெரும்பாலான கேள்விகள் ‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் விளையாட்டைப் பற்றியவை. ஆகவே எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

கேள்வி: பகல் முழுவதும் அலுவலக வேலை. வீடு திரும்பினால் சமையல், துணி, பாத்திரம். இத்தனைக்கும் பிறகு என் தங்கை ஒரு விளையாட்டைக் கையில் கொடுத்து, “இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று அக்கா” என்றாள். வேலை முடித்து வந்தவளுக்கு இன்னொரு வேலையா? இதில் என்ன இன்பம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒரு வாரமாக விடாமல் விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: அந்த ஒரு வாரத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்பதை என்னால் ஓரளவு சொல்ல முடியும், அந்த விளையாட்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் தொடக்கம் ஒன்றுதான். தாத்தா விட்டுச்சென்ற நிலம், புதரும் கல்லும் மண்டிக் கிடக்கிறது. கையில் 500 காசு. ஊர்த்தலைவர் அன்பளிப்பாக வைத்துவிட்டுப் போன பொட்டலத்தில், கேரட்டைப் போன்ற வெளிறிய கிழங்கான பார்ஸ்னிப்பின் 15 விதைகள். மண்ணைக் கொத்தி, விதையிட்டு, பூவாளியைச் சாய்த்தால், வெளிறிய மண் ஒவ்வொரு கட்டமாகக் கருநிறம் கொள்கிறது. மறுநாள் காலையில் அது மறுபடியும் உலர்ந்து கிடக்கும். மறுபடியும் ஊற்ற வேண்டும். மூன்றாம் நாள் விடியும்போதே மழை பெய்துகொண்டிருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்தால், நீங்கள் தொடுவதற்கு முன்பே பதினைந்து கட்டங்களும் நனைந்திருக்கும். ஒரு வேலையை வானம் செய்து முடித்துவிட்டது, இன்றைய பொழுது எனக்கே எனக்கு என்ற நிம்மதியை அந்தக் காலையில் உணராதவர்களை நான் பார்த்ததில்லை. ஐந்தாம் நாள், கிழங்கைப் பிடித்து இழுத்தால், மெல்லிய ஓசையுடன் அது மண்ணை விட்டு வெளியே வருகிறது.

நீங்கள் வீட்டில் செய்யும் வேலைக்கு இந்த ஐந்தாம் நாள் கிடையாது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் அடுத்த வேளைக்குள் மறுபடியும் தொட்டியில் கிடக்கிறது. அலுவலகத்தில் முடித்த கோப்பு எங்கே போனது, யாருக்குப் பயன்பட்டது என்பது தெரிவதே இல்லை. விளையாட்டில் உழைப்புக்கு ஓர் எல்லையும் உண்டு, ஒரு தடமும் உண்டு. தொடக்கத்தில் உங்களுக்குத் தரப்படும் தெம்பு 270 அலகு. ஒரு கட்டத்துக்கு நீர் ஊற்ற 2 அலகு செலவாகும். தெம்பு தீர்ந்தால் ஓய்வெடுக்க வேண்டியதுதான். காலை 6 மணிக்குத் தொடங்கும் நாள் பின்னிரவு 2 மணிக்கு முடிந்தே தீரும். விற்பனைப் பெட்டியில் எதையாவது போட்டுவிட்டு நீங்கள் படுக்கைக்குப் போனால், வயலில் விளைந்தது, காட்டில் பொறுக்கியது, பிடித்த மீன், சுரங்கத்தில் கிடைத்தது என்று வகைவகையாகப் பிரித்து, அன்றைய வரவு கண்முன் எழுதிக் காட்டப்படும். “இன்று இதைச் செய்தாய், போதும், உறங்கு” என்று ஒருவர் சொல்வது போன்றது அது. நாளெல்லாம் உழைப்பவர்களுக்கு அந்தச் சொல் எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் களைத்து வந்த பிறகும் உங்கள் கை பூவாளியைத் தேடுகிறது என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: ‘ஹார்வெஸ்ட் மூன்’, ‘ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ்’ என்று இரண்டு பெயர்களில் பண்ணை விளையாட்டுகள் விற்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றா? இவற்றில் முதலில் வந்தது எது?

பதில்: மூலம் ஒன்றுதான், பெயர்தான் கைமாறிவிட்டது. ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள மியாசாகியில் வளர்ந்து, வேலைக்காக டோக்கியோவுக்குப் போன யசுஹிரோ வாடா, விட்டுவந்த கிராமத்தின் அருமையைப் பெருநகரத்தில் இருந்தபோதுதான் உணர்ந்தார். சண்டையை மையமாகக் கொள்ளாத ஒரு விளையாட்டை உருவாக்க வேண்டும் என்ற அவருடைய விருப்பத்திலிருந்து 1996இல் பிறந்ததுதான் ‘போகுஜோ மோனோகதாரி’, அதாவது ‘பண்ணைக் கதை’. ஆங்கிலத்தில் அது ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற பெயரில் வெளியானது. அந்த ஆங்கிலப் பெயரின் உரிமை வெளியீட்டு நிறுவனத்திடம் இருந்ததால், 2014 முதல் அசல் தொடர் ஆங்கிலத்தில் ‘ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ்’ ஆயிற்று. ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற பெயரில் வேறொரு குழுவின் ஆக்கங்கள் வரத் தொடங்கின. வாடாவின் மரபைத் தேடுகிறீர்கள் என்றால், 2014க்குப் பிந்தியவற்றில் ‘ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ்’ என்று இருப்பதை வாங்குங்கள்.

அந்தப் பழைய தொடரின் மீது கொண்ட பற்றினால்தான் எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் ஸ்டார்டியூ வேலியை உருவாக்கினார். நிரல், ஓவியம், இசை, உரையாடல் ஆகிய அனைத்தையும் நாலரை ஆண்டுகள் தனியொருவராகவே செய்து முடித்து, 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்டார். 2024 டிசம்பருக்குள் அது 4 கோடியே 10 இலட்சம் பிரதிகள் விற்றிருந்தது. விளையாட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரே மனத்தின் சாயல் தெரிவதற்கு இந்தத் தனிமை உழைப்பே காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: நான் உண்மையாகவே வயலில் இறங்கி உழைப்பவன். விவசாயத்தை இப்படி அழகழகாகக் காட்டுவது எங்களைப் போன்றவர்கள் படும் பாட்டை மறைப்பதாகாதா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, அதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை. அந்த விளையாட்டில் நீர் ஊற்ற மறந்தால் செடி வளராமல் நிற்குமே தவிர வாடிச் சாவதில்லை. நாளை மழையா வெயிலா என்பதைத் தொலைக்காட்சி ஒவ்வொரு நாளும் பிழையில்லாமல் சொல்லிவிடும். வறட்சி கிடையாது, கடன்காரர் கிடையாது. ஒரே நாளில் ஆயிரம் பூசணிகளைக் கொண்டுவந்து கொட்டினாலும் விலை ஒரு காசுகூட இறங்காது. கடைசியாகச் சொன்ன பொய்தான் எல்லாவற்றிலும் பெரியது. விளைந்தது நன்றாக இருந்தும் விலை கிடைக்காமல் போவதன் வலியை அந்த விளையாட்டு அறியாது. அதை வைத்து வேளாண்மையைப் புரிந்துகொண்டதாக யாரேனும் சொன்னால், அவர் தவறாகச் சொல்கிறார்.

ஆயினும் ஒன்றை அது உண்மையாகவே வைத்திருக்கிறது: பருவத்தின் கண்டிப்பு. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்ற நான்கும் தலா 28 நாள்கள். காலிஃபிளவர் முதிர 12 நாள்கள் வேண்டும். வளர்ச்சியை விரைவுபடுத்தும் உரம் இல்லாமல், வசந்தத்தின் 17ஆம் நாள் அதை நட்டவர், கோடை பிறக்கும் காலையில் காய்ந்த சருகைத்தான் காண்பார். விரலால் தட்டியவுடன் எல்லாம் வந்துசேர வேண்டும் என்று பழகிவிட்ட ஒருவருக்கு, காத்திருந்தே ஆக வேண்டிய பொருள்களும் உலகில் உண்டு என்பதை இந்த அளவுக்காவது உணர்த்தினால் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி: முன்பு ஃபார்ம்வில் விளையாடிய காலத்தில், பயிர் வாடிவிடுமே என்று நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். இதுவும் அதே தொல்லைதானே?

பதில்: இல்லை, இரண்டுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் தொடங்கி 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்ட ஃபார்ம்வில், உங்கள் வீட்டுக் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடியது. நீங்கள் உறங்கும்போதும் பயிர் முதிரும். குறித்த நேரத்துக்குள் அறுக்காவிட்டால் வாடும். திரும்பத் திரும்ப உங்களை வரவழைப்பதே அந்த அமைப்பின் நோக்கம். ஸ்டார்டியூ வேலியில் தனியாக விளையாடும்போது, நீங்கள் விளையாட்டை மூடினால் காலமும் நின்றுவிடும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும், நீங்கள் விட்டுப்போன அதே காலை, அதே வயல், கூண்டில் அதே கோழிகள். உங்களை அழைக்காமல், நீங்கள் வரும்வரை காத்திருக்கும் விளையாட்டை மட்டுமே நான் இதமான விளையாட்டு என்று ஒப்புக்கொள்வேன்.

கேள்வி: எந்த விதை நாளொன்றுக்கு எவ்வளவு இலாபம் தரும் என்று அட்டவணை போட்டு விளையாடுகிறேன். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து மதிப்பிடும் என்கிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் முடிக்க முடியுமா என்ற பதற்றத்தில் விளையாட்டே கசந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு செய்தி: அந்த மதிப்பீடு இறுதித் தீர்ப்பு அன்று. தாத்தாவின் நினைவிடத்தில் ஒரு வைரத்தை வைத்தால், அவர் மறுபடியும் வந்து பார்ப்பார். எத்தனை முறை வேண்டுமானாலும் வைக்கலாம். அவருடைய மதிப்பீட்டைக் காட்ட நினைவிடத்தில் ஏற்றப்படும் நான்கு மெழுகுவர்த்திகளும் ஐந்தாம் ஆண்டில் எரிந்தால் அவற்றின் ஒளி குறைந்துவிடுவதில்லை.

அட்டவணை போடுவதை நான் குறைசொல்ல மாட்டேன். கணக்குப் பார்ப்பதும் பண்ணை வேலையில் ஓர் இன்பம்தான். ஆனால் அந்த உலகத்தில் பத்து நிமிடம் என்பது நமக்கு ஏறத்தாழ 7 விநாடி. ஒரு நாள் முழுவதும் சுமார் 14 நிமிடம். இவ்வளவு குறுகிய நாளில் ஒவ்வொரு விநாடியையும் காசாக்கப் புறப்பட்டால், நீங்கள் எந்த அலுவலகத்திலிருந்து தப்பி வந்தீர்களோ அதையே வயலில் கட்டி எழுப்புகிறீர்கள். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தெளிப்பான்களைப் பொருத்தி, நீர் ஊற்றும் வேலையை அவற்றிடம் ஒப்படைத்துவிடுங்கள். தரமான தெளிப்பான் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களை நாள்தோறும் காலையில் நனைத்துவிடும். மிச்சமாகும் காலையை இன்னொரு இலாபத்துக்குத் திருப்பாமல், மழை பெய்யும் ஒரு நாளில் கடற்கரைக்குப் போய்த் தூண்டிலைப் போட்டுவிட்டு, அலையோசையைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். அப்படியும் பதற்றம் தணியாவிட்டால், சில வாரங்கள் மூடி வைத்துவிடுங்கள். முன்பே சொன்னதுபோல் பண்ணை அப்படியே இருக்கும்.

கேள்வி: என் கணவர் “இன்னும் ஒரே ஒரு நாள்” என்று சொல்லியே நள்ளிரவு தாண்டிவிடுகிறார். பதினான்கு நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்கிறார், எழுந்தால்தானே?

பதில்: இந்த மயக்கத்துக்குக் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே படுத்து உறங்கினால்தான் அன்றைய ஆட்டம் சேமிக்கப்படும். சேமித்த அடுத்த நொடியே புதிய காலை விடிந்து, முதிர்ந்த பயிர்கள் கண்ணில் படும். நிறுத்த வேண்டிய இடத்திலேயே தொடங்கும் ஆசையும் பிறந்துவிடுகிறது. வரவுக் கணக்கைக் காட்டும் திரை மறைந்து, சேமித்து முடிந்ததும், வீட்டுக் கதவைத் திறக்காமலேயே விளையாட்டை மூடும் பழக்கத்தை அவர் ஏற்படுத்திக்கொள்ளட்டும். வாசலைத் தாண்டியபின் மூடுவது கடினம். நீங்களும் கூட ஒரு கட்டுப்பானை (கன்ட்ரோலரை)ப் பிடித்து, இருவரும் ஒரே பண்ணையில் விளையாட வழியுண்டு. ஆனால் அது நள்ளிரவைத் தள்ளிப்போடுமே தவிர குறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எட்டு வயது மகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: பத்து வயது ஆகட்டும். சுரங்கத்தில் அரக்கர்களை வாளால் அடிக்கும் பகுதிகளும், மதுக்கடைக் காட்சிகளும், மனச்சோர்வில் உழலும் ஒரு பாத்திரமும் அதில் உண்டு. அதுவரை நீங்கள் பக்கத்தில் அமர்ந்து, கோழி வளர்ப்பதை மட்டும் சேர்ந்து செய்யலாம்.

கேள்வி: என் மனைவி இறந்து ஓராண்டு ஆகிறது. பேரன் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். பயிரைவிட, அந்த ஊர் மனிதர்களைப் பார்க்கத்தான் நான் போகிறேன். அறுபத்தெட்டு வயதில் பொம்மை மனிதர்களோடு பழகுவது சரிதானா என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஐயா, கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. அந்த ஊரில் ஜார்ஜ் என்று ஒரு முதியவர் இருக்கிறார். சக்கர நாற்காலியில் நாளைக் கழிப்பவர். யாரைக் கண்டாலும் சிடுசிடுப்பவர். ஒரு காட்சியில், அஞ்சல் பெட்டியில் உள்ள கடிதம் எட்டாமல் அவர் தடுமாறுகிறார். பென்னி என்னும் இளம்பெண் ஓடிவந்து, அவரைக் கேளாமலே நாற்காலியை நகர்த்திவிட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறாள். அவர் நன்றி சொல்வதற்குப் பதிலாகக் கடிந்துகொள்கிறார். உதவி பெறுவதில் உள்ள வலியை இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு நேர்மையாகக் காட்டியதை நான் மறக்கவே இல்லை. பென்னி செய்தது சரியா என்று விளையாட்டு உங்களிடம் கேட்கும். என்ன பதில் சொல்வதென்று நான் நெடுநேரம் யோசித்தேன்.

அந்த மனிதர்கள் எழுதி வைக்கப்பட்ட வாக்கியங்களைத்தான் பேசுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒருவருக்கு எது பிடிக்கும் என்று நினைவில் வைத்து, அதைத் தேடி எடுத்துக்கொண்டு நடந்து போய்க் கொடுக்கும் பழக்கம் உங்களுடையது. பல ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்து பெற்றது. அதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பேரன் வரும்போது, ஊரில் யார் யாரைப் பார்த்தீர்கள் என்பதை அவனிடம் சொல்லுங்கள். அவனுக்கும் சொல்ல நிறைய இருக்கும். ஜார்ஜுக்கு மிகவும் பிடித்தது லீக், வெங்காயத்தாளைப் போன்ற ஒரு செடி. வசந்த காலத்தில் அது ஊரைச் சுற்றித் தானாகவே முளைத்துக் கிடக்கும். வாரத்துக்கு இரண்டு முறை கொடுக்கலாம்.