அந்த அம்முணி பேசுச்சா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 30 வயது. திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமம். கோவையில் ஐ.டி. வேலை. கல்லூரிக் காலத்திலிருந்து சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள் என்றால் எனக்கு உயிர். அதைப் பற்றிப் பேச வீட்டில் ஓர் ஆள் இல்லை. நம் ஆட்கள் கையில் டைம் மெஷினைக் கொடுத்தாலும் அதில் அம்மா சென்டிமென்ட், அப்பா சென்டிமென்ட் வைக்காமல் விட மாட்டார்கள். அறிவியலை அறிவியலாகப் பார்க்கும் ரசனை இங்கே யாருக்கும் கிடையாது. 2025 பிப்ரவரியில் ‘இன்டர்ஸ்டெல்லார்’ மறுபடி தியேட்டருக்கு வந்தபோது அப்பாவைக் கோவைக்கு வரவழைத்துக் கூட்டிப்போனேன். காரில் போகும்போதே அரை மணி நேரம், இடத்துக்கு இடம் நேரம் வேறு வேகத்தில் ஓடும் என்கிற ரிலேட்டிவிட்டி எல்லாம் விளக்கினேன். ஹீரோ வீடியோ பார்த்து அழுகிற இடத்தில் எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. படம் முடிந்து வந்து பார்த்தால் பார்க்கிங்கில் நிற்கிறார். “அந்த அம்முணி அப்பங்கூடப் பேசுச்சா கண்ணு?” என்று கேட்கிறார். மொத்தப் படத்தில் அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான்! “உள்ள உக்காந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் கிணறு வற்றியபோது, எனக்கு இரண்டு வயதில், போர்வெல் போடும் ரிக் வண்டி வேலைக்குப் போனவர். இருபது வருஷம் வடக்கேயே கிடந்தார். வருஷத்தில் இரண்டு மாதம் ஊரில் இருந்தால் அதிகம். அவர் போன் செய்தால் நான் பேச மாட்டேன், ஓடி ஒளிந்துகொள்வேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இப்போது அவருக்கு 58 வயது, வீட்டில்தான் இருக்கிறார். எனக்குப் பவானிப் பக்கம் பெண் பார்த்து முடிவாகியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பிடித்ததெல்லாம் மாஸ் படங்கள். ரசனையே ஒத்துவராத குடும்பத்தோடும் மனைவியோடும் காலம் தள்ள முடியுமா?
(பெயர் வேண்டாம், திருச்செங்கோடு வட்டம்)

பதில்: தம்பி, கல்யாணக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. மாஸ் படம் பிடித்த பெண்ணும் விண்வெளிப் படம் பிடித்த பையனும் நன்றாகவே குடும்பம் நடத்தலாம். எத்தனையோ வீட்டில் நடக்கிறது. ‘ரசனை ஒத்துவரவில்லை’ என்று வரும் கடிதங்களை வருஷக்கணக்காகப் படித்துவருகிறேன். ஒன்றில்கூடக் கோளாறு ரசனையில் இருந்ததில்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது பார்க்கிங்கில் உங்கள் அப்பா கேட்ட அந்த ஒரு வரியைத்தான். “அந்த அம்முணி அப்பங்கூடப் பேசுச்சா கண்ணு?” இதைச் சிரிப்பதற்காக எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? பத்துத் தடவை? நான் இரண்டு தடவைதான் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். கதாநாயகன் மக்காச்சோளம் போடுகிற விவசாயி. மண் கெட்டு, எங்கே பார்த்தாலும் புழுதி. சாப்பாட்டு மேஜையில் தட்டுகளைக் கவிழ்த்தே வைத்திருப்பார்கள், தூசி விழாமல் இருக்க. நிலம் கைவிட்டதால் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்புகிறான். மகள் கோபித்துக்கொண்டு விடைகூடச் சொல்லவில்லை. கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு கிரகம், அங்கே ஒரு மணி நேரம் இங்கே ஏழு வருஷம். இறங்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினால் 23 வருஷம் போயிருக்கிறது. சேர்ந்து கிடக்கும் வீடியோக்களை உட்கார்ந்து பார்க்கிறான். மகன் படிப்பை முடிக்கிறான், கல்யாணம் செய்கிறான், பிள்ளை பெறுகிறான், அந்தப் பிள்ளையைப் பறிகொடுக்கிறான், ‘இனி நீங்கள் வர மாட்டீர்கள்’ என்று அப்பாவைக் கைகழுவுகிறான். அத்தனை வருஷத்தில் மகள் ஒரு வீடியோகூட அனுப்பவில்லை. ‘கூப்பிட்டுப் பார்த்தேன், வர மாட்டேன் என்கிறாள்’ என்று தாத்தா முன்னாலேயே சொல்லியிருப்பார்.

இப்போது உங்கள் கடிதத்தைப் படியுங்கள். கிணறு வற்றியது. இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு அப்பா கிளம்பினார். இருபது வருஷம். போன் வந்தால் பிள்ளை ஓடி ஒளிந்தான்.

உங்கள் அப்பா எந்த இடத்தில் எழுந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புரியாதவர் அங்கே எழமாட்டார், தம்பி. புரியாதவர் கருந்துளையில் எழுவார், அல்லது உட்கார்ந்தபடியே தூங்குவார். அவர் அந்த வீடியோ வரை அசையாமல் இருந்திருக்கிறார். அதற்குமேல் உங்கள் பக்கத்தில், இருட்டில், உட்கார அவரால் முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் வண்டிகளுக்கு நடுவில் தனியாக நின்றவர், வந்ததும் கேட்டது ஒரே கேள்வி. இருபது வருஷம் அவர் உங்கள் அம்மாவிடம் போனில் கேட்ட கேள்வியும் அதுதான் என்று நான் பந்தயம் கட்டுவேன். ‘பையன் பேசறானா?’ அதற்கு அன்றைக்கும் பதில் கிடைக்கவில்லை. பார்க்கிங்கிலும் கிடைக்கவில்லை.

நீங்கள் சொன்ன பதில் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. மறைக்கப் போவதில்லை.

ரிக் வண்டி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வடக்கே எங்கெங்கோ போய்த் துளை போடுகின்றன. கம்ப்ரஸர் காற்று பாறைத் தூளை மேலே ஊதித் தள்ளும். துளை போடுகிறவர் தலைமுடியும் புருவமும் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். அடுத்த ஆளிடம் சைகையில்தான் பேச வேண்டும், அத்தனை இரைச்சல். ராத்திரி இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் அப்போதுதான் சோறு. பேச்சு வராத ஊர், வேறு தண்ணீர். முகம் தெரியாத குடியானவன் தோட்டத்தில் தண்ணீர் வந்தால் அவன் குடும்பமே கும்பிடும், மறுநாள் அடுத்த ஊர். தன் கிணறு வற்றிப்போனவர் இருபது வருஷம் பிறத்தியார் நிலத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சம்பளத்தில்தான் நீங்கள் படித்தீர்கள். வைகாசி விசாகத் தேர் எத்தனை தடவை அவர் இல்லாமல் ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவருக்குக் காரில் அரை மணி நேரம் ரிலேட்டிவிட்டி பாடம். நீங்கள் சொன்னது சரியான அறிவியல்தான், குறை சொல்லவில்லை. நம் தலைக்கு மேல் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம்கூடத் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுகிறது, அதைச் சரிக்கட்டாவிட்டால் கோவைக்கு வழிகாட்டும் மேப் வேறெங்கோ கொண்டுபோய் விடும். ஆனால் பத்து மாதம் கழித்து வீட்டுக்கு வந்து, பையன் ஒரு வகுப்பு ஏறியிருப்பதையும் போன தடவை வாங்கி வந்த சட்டை சேராமல் போனதையும் பார்த்தவருக்கு, ‘அங்கே நேரம் வேறு, இங்கே வேறு’ என்பதைச் சொல்லித்தர உங்களால் ஆகாது. அவர் உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார், கேட்டிருந்தால்.

சென்டிமென்டுக்கு வருவோம். நம் ஆட்கள் அறிவியலில் அப்பா அம்மாவைச் சேர்த்துக் கெடுக்கிறார்கள் என்கிறீர்கள். நீங்கள் கும்பிடும் படங்களிலிருந்து அப்பா அம்மாவை எடுத்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று சொல்லுங்கள். 1985-இல் வந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’, ஒரு பையன் காலத்தில் பின்னால் போய்த் தன் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துவைக்கப் படுகிற பாடு. ‘ஈ.டி.’ (1982), அப்பா விட்டுப்போன வீட்டுப் பையனின் கதை. ‘அரைவல்’ (2016), ஒரு தாயும் மகளும். ‘இன்டர்ஸ்டெல்லா’ருக்கு அறிவியல் ஆலோசனை சொன்ன கிப் தோர்னுக்கு 2017-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அப்படிப்பட்டவர் கணக்கையெல்லாம் வாங்கி இயக்குநர் நோலன் எதற்குச் செலவழித்தார்? ஓர் அப்பனையும் மகளையும் 23 வருஷம் பிரிப்பதற்கு. இதே கதையை நம் ஊரில் எடுத்திருந்தால் ‘அப்பா சென்டிமென்ட்’ என்று நீங்களே எழுந்து வந்திருப்பீர்கள்.

இயக்குநர் குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யை உங்களை மாதிரி ஆட்கள் சென்டிமென்டே இல்லாத சுத்தமான படம் என்பார்கள். 1968-இல் வந்தது. அதிலும் ஒரு காட்சி உண்டு. வியாழனுக்குப் போகும் கப்பலில் ஒரு விண்வெளி வீரன் கறுப்புக் கண்ணாடி போட்டு விளக்கொளியில் படுத்திருக்கிறான். பூமியிலிருந்து அவன் அப்பாவும் அம்மாவும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார்கள், கேக் வைத்துப் பாட்டுப் பாடுகிறார்கள். அவன் முகத்தில் ஓர் அசைவு இல்லை. குப்ரிக் அந்த முகத்தைக் காட்டியதற்குக் காரணம் இருக்கிறது. பார்க்கிங்கில் உங்கள் அப்பா பார்த்ததும் அந்த முகத்தைத்தான்.

‘இங்கே யாருக்கும் ரசனை கிடையாது’ என்று எழுதியதையும் விட மனமில்லை. எந்த மண்ணில் நின்று சொல்கிறீர்கள்? ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் படம் காட்டினார். 1914-இல் வெரைட்டி ஹால் தியேட்டரை அவர் கட்டியது நீங்கள் வேலை பார்க்கும் அதே கோயம்புத்தூரில். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1952-இல் அமெரிக்கர்களோடு கூட்டுச்சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தார், தமிழில் ‘காடு’. அழிந்துபோன மாமத்துகள் இந்தியக் காட்டில் இன்னும் உயிரோடு திரிகின்றன என்பது கதை. நம் யானைகளுக்கே சடைமுடி போர்த்தி மாமத் ஆக்கினார்கள். 1963-இல் ‘கலை அரசி’யில் எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகத்துக்கே போய் வந்துவிட்டார். அதையெல்லாம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் உங்கள் தாத்தா பாட்டி வயதுக்காரர்கள்தான்.

என் அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, நாங்கள் கேட்கிறோமே என்று மதியக் காட்சிக்குக் கூட்டிப்போவார். படம் போட்டுப் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார். திரும்பி நடந்து வரும்போது நானும் தம்பியும் மாறி மாறிக் கதை சொல்வோம், சண்டைக்காட்சியை ரோட்டிலேயே நடித்துக் காட்டுவோம். ‘அப்பறம்?’ என்பார். ‘அவன் அம்மாகிட்டப் போய்ச் சேந்தானா?’ என்பார். தூங்கியவருக்கு எதற்குக் கதை என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. அவர் கேட்கிறார், நாங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்பா கேட்டால் பிள்ளை பதில் சொல்ல வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறவள் நான். நீங்கள் என்னைப் பழைய ஆள் என்று நினைத்தாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பவானிப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளையும் என்றைக்காவது உங்களோடு உட்கார்ந்திருக்கும்போது பாதியில் எழுந்து போகும். படமாக இருக்கலாம், உங்கள் வீட்டு விசேஷமாக இருக்கலாம். அன்றைக்குப் பின்னாலேயே போய் ‘என்னாச்சு?’ என்று கேட்க நீங்கள் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாமல் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்காதீர்கள்.

இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். மன்னிப்பு கேட்கிறேன் என்று அவரைக் கூச்சப்படுத்த வேண்டாம், அவர் தலைமுறை ஆண்களுக்கு அது பிடிக்காது. சாயங்காலம் அவர் கட்டிலைத் தூக்கிவந்து வாசலில் போடுவார் இல்லையா, பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘அந்த அம்முணி பேசுச்சுங்கப்பா’ என்று ஆரம்பியுங்கள். எப்படிப் பேசுச்சு என்று கேட்பார். விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள். கருந்துளை கணக்கெல்லாம் வேண்டாம். மகனுடைய கடைசி வீடியோ முடிந்து திரை அணைந்துபோகிறது. சரி, இவ்வளவுதான் என்று நினைக்கும்போது திரை மறுபடி ஒளிர்கிறது. மகள் உட்கார்ந்திருக்கிறாள், வளர்ந்த பெண்ணாக. அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள். விட்டுவிட்டுப் போனபோது அப்பனுக்கு என்ன வயதோ அந்த வயதை அன்றைக்கு அவள் தொட்டிருக்கிறாள். அதனால்தான் வாயைத் திறக்கிறாள்.

உங்கள் அப்பாவுக்கு இப்போது 58. உங்களுக்கு 30. உங்கள் இரண்டு வயதில் அவர் ரிக் வண்டி ஏறியபோது அவருக்கும் 30.